ஒன்றரை அடி

சங்கு என்று அவனுக்குப் பேர் வந்தது தொண்டையால். ஆலைச் சங்கு ஊதினால் ஊருக்கே கேட்குமே, அந்த மாதிரித் தொண்டை. அப்பா அம்மா வைத்த பேர் சம்பளப் பதிவில் மட்டும் இருந்தது. ஸ்டீமரின் முன்நுனியில் நின்று அவன் ஒரு குரல் கொடுத்தால், இரண்டு பக்கமும் துடுப்புச் சக்கரம் தண்ணீரை அடிக்கிற அடியையும், நடுவில் என்ஜின் போடுகிற கூச்சலையும் தாண்டி, மேல்தட்டுக் கண்ணாடி அறையில் சுக்கான் பிடித்து நிற்கிறவரின் காதில் போய் விழும். அந்தத் தொண்டைக்காகத்தான் அவனை வேலையில் வைத்திருந்தார்கள். வேறு பெரிய தகுதி ஒன்றும் கிடையாது, உள்ளதைச் சொல்லிவிட வேண்டும்.

சுக்கான் பிடித்தவர் வேறு யாருமில்லை, அவனுடைய சொந்த அத்தான். அக்கா புருஷன். அந்த ஆற்றில் பதினொரு ஸ்டீமர் ஓடின காலம் அது. பதினொன்றிலும் சேர்த்து ஒரு நல்ல சுக்கானியைச் சொல் என்றால் கேப்டன்மார்கள் அவரைத்தான் கை காட்டுவார்கள். தண்ணீரின் நிறத்தையும் மேலே ஓடுகிற சுருக்கத்தையும் பார்த்தே அடியில் மணலா சேறா என்று சொல்லிவிடுவார். வேலைவெட்டி இல்லாமல் ஊர் சுற்றிக்கொண்டிருந்த மச்சினனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய்க் கேப்டன் முன்னால் நிறுத்தி, இவனுக்கு நான் பொறுப்பு என்று சொன்னதும் அவர்தான். அந்த ஒரு வார்த்தையால்தான் எல்லாம் வந்தது என்று சங்கு பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டான். அதுவும் ஒரு நழுவல்தான். எல்லாம் வந்தது அவனால்தான்.

இந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் கதை புரியும். பாலங்களும் ரயிலும் வருவதற்கு முன்னால் ஆள் போவதும் சரக்கு போவதும் ஆற்றில்தான். ஆறு என்றால் கடல் மாதிரி ஆழம் கிடையாது. அடியில் விசிறி வைத்த கப்பல் மண்ணைக் கொத்திக்கொண்டு நின்றுவிடும். அதனால் அடிப்பாகத்தைத் தட்டையாக வைத்து, பக்கத்துக்கு ஒரு பெரிய சக்கரத்தை மாட்டி, பாய்லரில் விறகைப் போட்டு ஓட்டினார்கள். அப்படியும் எங்கள் கதையில் வருகிற ஸ்டீமருக்குக் குறைந்தது ஐந்தரை அடித் தண்ணீர் வேண்டும். கோடையில் அந்த ஐந்தரை அடிக்குத்தான் திண்டாட்டம். போன வாரம் வழி இருந்த இடத்தில் இந்த வாரம் மணல்திட்டு படுத்துக் கிடக்கும். எவ்வளவு பெரிய சுக்கானியாக இருந்தாலும் முன்னால் ஒருவன் நின்று ஆழம் பார்த்துச் சொன்னால்தான் கதி.

ஆழம் பார்ப்பதற்கு ஒரு கயிறு. நுனியில் ஈயக் குண்டு. குண்டிலிருந்து மேலே அரை அடிக்கு ஓர் அடையாளம் கோத்திருக்கும். ஒன்று தோல் வார், ஒன்று சிவப்புத் துணி, ஒன்று வெள்ளை, ஒன்று முடிச்சு என்று மாற்றி மாற்றி. குண்டை முன்னால் வீசி, ஸ்டீமர் அந்த இடத்துக்கு வந்து கயிறு நட்டுக்கு நிற்கிறபோது, தண்ணீர் தொடுகிற இடத்தில் எந்த அடையாளம் இருக்கிறது என்று பார்த்துக் கத்த வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஒரு நாளைக்கு ஐந்நூறு தடவை.

அந்தக் கோடையில் சங்கு ஒரு குண்டை ஏற்கெனவே தொலைத்திருந்தான். அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது, இழுத்தான், கயிறு அறுந்தது. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். ஆனால் கேப்டன் எல்லோருக்கும் முன்னால், கழுத்தில் கட்டித் தொங்கவிட்டால்தான் பத்திரமாக வைத்துக்கொள்வாயா என்று கேட்டுவிட்டார். அத்தான் மேலிருந்து இறங்கி வந்து, இனிமேல் தொலையாது, நான் சொல்கிறேன் என்றார். சங்குக்கு அவமானமாகப் போய்விட்டது. இன்னொரு தடவை அத்தானை இப்படி நிற்க வைக்கக் கூடாது என்று சத்தியமே செய்துகொண்டான்.

ஒன்றரை மாதம் கழித்து இரண்டாவது குண்டும் போயிற்று. அதே மாதிரித்தான். முங்கிக் கிடந்த ஏதோ மரத்தின் வேரில் போய்ச் சிக்கி, குண்டோடு ஒன்றரை அடிக் கயிறும் சேர்ந்து அறுந்துவிட்டது. காலை பத்து மணி இருக்கும். மேலே மணி அடித்தது. அடுத்த ஆழம் சொல் என்று அர்த்தம். ஸ்டோரில் போய் வேறு குண்டு கேட்கலாம். கேட்டால் ஸ்டோர்க்காரர் கேப்டனிடம் சொல்வார், கேப்டன் அத்தானைக் கூப்பிடுவார். சங்கு சுற்றுமுற்றும் பார்த்தான். சாம்பல் வாளிக்குள் பாய்லர் அடுப்பின் உடைந்த இரும்புத் துண்டு ஒன்று, குண்டு அளவுக்குக் கிடந்தது. எடுத்து அறுந்த நுனியில் கட்டினான். வீசினான். அடையாளம் எட்டு அடி காட்டியது. கீழே ஒன்றரை அடி போய்விட்டதால் அடையாளம் ஒன்றரை அடி கூட்டித்தான் சொல்லும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. மனசுக்குள் கழித்து, ஆறரை என்று கத்தினான். சரியாக இருந்தது. அடுத்தது ஏழரை, கழித்தால் ஆறு. அதுவும் சரி.

இப்படியே சாயங்காலம் வரைக்கும் கழித்துக் கழித்துச் சொன்னான். ஒரு பிசகு இல்லை. அத்தனை பேரின் கண்ணிலும் மண்ணைத் தூவிவிட்டோம் என்று உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைகூட வந்தது. எதற்கெல்லாம் பெருமைப்படுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? ஒரு முழக் கயிற்றை வெட்டி நடுவில் சேர்த்துக் கட்டிவிட்டால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. பொழுது சாய்ந்து ஸ்டீமரைக் கரையோரம் கட்டினதும் செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தான்.

கட்டினார்கள். அவன் கயிற்றோடு உட்காரும்போது மேல்தட்டுப் பயணிகள் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். ஒரு கல்யாணக் கோஷ்டி. பகல் முழுக்க அவன் குரலைக் கேட்டிருந்தவர்கள். எங்கே, ஒரு தடவை கத்திக் காட்டுங்கள் என்றார்கள். சங்குக்கா சொல்ல வேண்டும்? எழுந்து நின்று, மார்பை நிமிர்த்தி ஒரு குரல் விட்டான். எதிர்க்கரையில் மோதித் திரும்பி வந்தது. கைதட்டினார்கள். மணப்பெண்ணின் தங்கை ஒருத்தி, இவர் வீட்டில் குழந்தை எப்படித் தூங்கும் என்று கேட்டுச் சிரித்தாள். கல்யாணமே ஆகவில்லை என்று இவன் சொன்னான். அதற்கு ஒரு சிரிப்பு. கயிறு சாக்குக்கு அடியில் போயிற்று. காலையில் பார்த்துக்கொள்ளலாம்.

காலையில் பார்த்துக்கொள்ளவில்லை. ஸ்டீமர் கிளம்பும்போதே அந்தக் கோஷ்டி முன்நுனிக்கு வந்து நின்றுகொண்டது. முதல் முப்பது, நாற்பது வீச்சு வரைக்கும் கழித்தான். அப்புறம் ஆறு வளைகிற இடம் வந்தது. கரையில் ஒற்றை மரம் ஒன்று சாய்ந்து நிற்கும். அத்தான் வேகத்தைக் குறைத்து, மெல்ல மெல்ல ஊர்ந்துகொண்டே மணி அடித்தார். சங்கு ஒரு கையால் இரும்பைச் சுழற்றி, வேண்டாத அலங்காரமெல்லாம் பண்ணி, தூரமாக வீசினான். கயிறு நட்டுக்கு நின்றது. தோல் வார். ஆறரை. பக்கத்தில் அந்தத் தங்கைக்காரி அவன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆறரை அடீ...!"

வாய் மூடுவதற்குள்ளே தெரிந்துவிட்டது. கழிக்கவில்லை. ஐந்து. மேலே அத்தான், ஆறரை இருக்கிறது என்று நம்பி, வளைவின் இழுப்பைத் தாண்டுவதற்காக முழு வேகத்துக்கு மணி அடித்தார். சக்கரங்கள் இரண்டும் அறைந்துகொண்டு புறப்பட்டன. அப்போதும் பத்து எண்ணுகிற நேரம் இருந்தது. நிறுத்து என்று ஒரு வார்த்தை போதும், அந்தத் தொண்டைக்கு அது ஒரு வேலையே இல்லை. அவர்கள் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அத்தனை பேருக்கும் நடுவில் கத்துவதா? ஒருவேளை தாண்டிவிடும் என்று நினைத்தான். அப்படி நினைத்துக்கொண்டே நின்றான்.

தாண்டவில்லை. அடியில் தேய்த்துக்கொண்டு ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. இடதுபக்கச் சக்கரம் பலகை பலகையாகத் தெறித்தது. ஒரே கூச்சல், அழுகை. அந்தக் களேபரத்தில் சங்கு செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? கீழே விழுந்தவர்களைத் தூக்கவில்லை. கயிற்றை இரும்போடு சுருட்டி ஆற்றில் போட்டான்.

நல்ல வேளை, உயிர் ஒன்றும் போகவில்லை. படகுகள் வந்து எல்லோரையும் இறக்கின. சரக்கில் பாதி நனைந்து நாசம். இரண்டு நாளில் தண்ணீர் இன்னும் வற்ற, அடியில் தாங்க ஒன்றும் இல்லாமல் ஸ்டீமரின் முதுகு ஒடிந்தது. இருபது வருஷம் ஓடின ஸ்டீமர். அதை உடைத்து விறகுக்கும் இரும்புக்கும் எடுத்தார்கள்.

விசாரணை அடுத்த மாதம் கம்பெனி ஆபீஸ் மாடியில் நடந்தது. அதற்குள் முதல் வெள்ளம் வந்து அந்த மணல்திட்டையே துடைத்துக்கொண்டு போய்விட்டது. போய் அளந்து பார்க்கலாம் என்றால் அளக்க இடம் இல்லை. நீள மேஜை, பச்சைத் துணி, மூன்று அதிகாரிகள். சங்குவின் முறை வந்தபோது நடு அதிகாரி, என்ன ஆழம் பார்த்தாய் என்று கேட்டார். ஆறரை என்றான். நிச்சயமா என்றார். நிச்சயம் என்றான். கயிறு எங்கே என்றார். மோதின வேகத்தில் கை நழுவி ஆற்றில் போய்விட்டது என்றான். எல்லாவற்றையும் தெளிவாக, கணீரென்று சொன்னான். ஆறரை அடி இருந்த இடத்தில் ஐந்தரை அடி ஸ்டீமர் எப்படித் தட்டும்? சுக்கானி வழியை விட்டு விலகித் திட்டின் மேல் ஏற்றியிருந்தால்தான் தட்டும். கணக்கு அங்கேதான் போய் நின்றது.

அத்தான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால்கூட சங்குக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன் மச்சினன் தப்பாகச் சொல்லியிருக்கலாமா என்று அதிகாரியே ஒரு வழி காட்டினார். அத்தான் எழுந்து நின்று தலையை ஆட்டினார்.

"அவன் ஆழம் தப்பாச் சொல்ல மாட்டான் சார். நான்தான் திருப்புறதுல பிந்திட்டேன் போலிருக்கு. எனக்கு அப்படித் தெரியல, ஆனா அப்படித்தான் இருக்கணும்."

லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார்கள். மச்சினனைக் காப்பாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. அதுதான் கொடுமை. அவர் நிஜமாகவே நம்பினார்.

அப்புறம் எட்டு மாதம். சங்குவை வேறு ஸ்டீமரில் போட்டார்கள். புதுக் குண்டு, புதுக் கயிறு. அத்தான் கரையில் பட்டறையில் சேர்ந்து, சக்கரப் பலகைகளுக்குத் தார் பூசினார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சங்கு அவர்கள் வீட்டில் சாப்பிட்டான். போகாமல் இருந்தால் அக்கா ஆள் அனுப்புவாள். உப்புப் போட்டுச் சாப்பிடுகிறவன்தானா நான் என்று ஒவ்வொரு கவளத்துக்கும் தோன்றும், ஆனாலும் தட்டைக் காலி பண்ணிவிட்டுத்தான் எழுவான்.

அத்தானோ அவரை அவரே நம்பாத ஆளாக ஆகிக்கொண்டிருந்தார். தெருவைக் கடக்க வண்டி போனதும் இன்னொரு வண்டி வருகிறதா என்று நின்று பார்ப்பார், அதுவும் போனதும் மறுபடி நிற்பார். தண்ணீர்க் குடத்தோடு வாசல்படியில் நின்று, இடிக்காதா பார் என்று பெண்டாட்டியைக் கேட்பார். கண் டாக்டரிடம் இரண்டு தடவை போய்வந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. ஊருக்கே வழி காட்டின மனுஷன், சுக்கான் பிடித்த இருபத்திரண்டு வருஷமும் எத்தனை தடவை தப்பாகத் திருப்பி அதிர்ஷ்டத்தில் தப்பித்தேனோ என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் பழைய காகிதங்களை எடுத்துக்கொண்டு உட்காருவார். பின்பக்கம் முழுக்க அந்த வளைவையே வரைந்து வைத்திருப்பார். இங்கே மரம், இங்கே திட்டு, இங்கே நாம். நீ ஆறரை சொன்னபோது மரத்துக்கு நேரே இருந்தோமா, தாண்டிவிட்டோமா என்று மச்சினனைக் கேட்பார். தாண்டவில்லை என்று ஒரு வாரம் சொல்வான். சரியாக ஞாபகம் இல்லை என்று ஒரு வாரம் சொல்வான். அவர் பென்சிலால் ஒரு புள்ளியை அழித்து இன்னொரு புள்ளி வைப்பார். சங்குக்கு அந்த ரப்பரைப் பிடுங்கி எறிய வேண்டும் போலிருக்கும். சொல்லிவிட வேண்டும் என்று வாசல்வரைக்கும் தீர்மானமாக வருவான். செருப்பைக் கழற்றும்போதே தீர்மானத்தையும் கழற்றிவிட்டு உள்ளே போவான்.

எட்டாவது மாதம் கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. சுக்கானிகளுக்குத் தட்டுப்பாடு. லைசென்ஸ் போனவர்கள் மனுக் கொடுத்துப் பரீட்சை கொடுத்தால் மறுபடி பார்ப்பார்களாம். திங்கட்கிழமை கடைசி நாள். அத்தான் மனுவைத் தொடவே மாட்டேன் என்றார். சனிக்கிழமை சாயங்காலம் அக்கா தானே துறைக்கு வந்துவிட்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கூட்டத்தைப் பார்த்தபடியே பேசினாள்.

"நான் சொல்லிச் சொல்லி ஓஞ்சுட்டேன். நீ சொன்னா கேப்பார்டா. அன்னைக்கு அவர்கூட இருந்தவன் நீதானே. அவர் மேல தப்பில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லு."

சரி என்றான். வேறு என்ன சொல்வான்?

மறுநாள் மத்தியானம் இருவருக்கும் பரிமாறிவிட்டு அக்கா வேண்டுமென்றே அடுக்களைக்குள் போய்விட்டாள். சங்கு நாலு கவளம் சாப்பிட்டான். தண்ணீர் குடித்தான். அப்புறம், குனிந்த தலையைத் தூக்காமலே, மனு எழுதிக் கொடுங்கள் அத்தான், உங்கள் மேல் தப்பு இல்லை என்றான். ஆறுதலுக்குச் சொல்கிற மாதிரிதான் சொன்னான்.

"அப்போ யார் மேல?" என்றார் அத்தான்.

குத்தலாகக் கேட்கவில்லை. சந்தேகப்பட்டும் கேட்கவில்லை. எட்டு மாதமாகத் தேடுகிற பதில், இவனிடமாவது இருக்கிறதா என்று கேட்டார். சங்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டான். பார்க்காமல் இருந்திருந்தால் அன்றைக்கும் தப்பித்திருப்பான்.

"நான் சொன்ன ஆழம் தப்பு அத்தான்."

குண்டு போனதைச் சொன்னான். சாம்பல் வாளியைச் சொன்னான். கழித்துக் கழித்துச் சொன்னதை, அந்த ஒரு தடவை கழிக்க மறந்ததைச் சொன்னான். ஊருக்கே கேட்கிற அந்தத் தொண்டை அடுக்களைக்குக்கூடக் கேட்காமல் முணுமுணுத்தது. அடி விழும் என்று எதிர்பார்த்தான். விழுந்தால் நன்றாக இருக்கும் என்று ஆசையே பட்டான்.

அத்தான் சாப்பிடுகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"எவ்வளவு?"

"ஒண்ணரை அடி."

"அப்போ அங்க இருந்தது அஞ்சுதானா?"

"அஞ்சுதான் அத்தான்."

எச்சில் கையோடு எழுந்து ஓடினார். காகிதக் கட்டைக் கொண்டுவந்து இடது கையால் பிரித்தார். மரம், திட்டு, ஸ்டீமர். ஐந்தடி என்று எழுதினார். பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து சங்கு கூனிக் குறுகிப் போனான். தலை நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, மனுஷன் சிரிக்கிறார். கண்ணில் தண்ணீரோடு சிரிக்கிறார்.

"அப்போ நான் சரியாத்தான் திருப்பியிருக்கேன்."

"ஆமா அத்தான்."

"கண்ணு சரி. கையும் சரி." தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாப்ளே, இன்னொரு தடவை சொல்லு. முதல்ல இருந்து சொல்லு."

முதலில் இருந்து சொன்னான். ஒவ்வொரு இடத்திலும் நல்ல செய்தி கேட்கிற மாதிரி அவர் தலையை ஆட்டினார். உடம்பு கூசியது இவனுக்கு. இவர் ஒரு தடவையாவது கோபப்பட மாட்டாரா? அவரோ எழுந்து அடுக்களைப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இங்க வாயேன். உன் தம்பி என்ன சொல்றான்னு வந்து கேளு."

அக்கா கரண்டியோடு வந்தாள். புருஷன் முகத்தில் அத்தனை நாளைக்கு அப்புறம் சிரிப்பைப் பார்த்து அவளும் சிரித்துக்கொண்டேதான் வந்தாள். என்னடா சொன்னே, சமத்து என்றாள். சங்கு மூன்றாவது தடவை சொன்னான். சொல்லச் சொல்ல அவள் சிரிப்பு எங்கே போயிற்று என்று அவன் பார்க்கவில்லை, கரண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"அப்பவே தெரியும் அக்கா."

"கத்துறதுக்கு நேரம் இருந்ததா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பத்து எண்ணுகிற நேரம் இருந்தது என்றான். எட்டு மாதத்தில் அவன் செய்த ஒரே நல்ல காரியம் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் அவளுக்குத்தான் வலித்தது.

அத்தான் குறுக்கே வந்தார். விடு, அவனே நொந்துபோய் இருக்கிறான் என்றார். மச்சினன் முதுகில் சுத்தமான கையால் தட்டிக் கொடுத்தார். ஆபீஸில் போய் ஒன்றும் சொல்லிவைக்காதே, உன் வேலை போய்விடும், எனக்குத் தெரிந்தால் போதும், நான் பரீட்சை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன் என்றார். உடனே, யோசிப்பதற்கு முன்னால், சங்குவின் தலை சரி என்று ஆடியது. உள்ளே அப்பாடா என்று ஒரு நிம்மதிகூட வந்தது.

"தலையை ஆட்டுறான் பாருங்க" என்றாள் அக்கா.

அவள் சத்தம் போடவில்லை. புருஷனிடம் ஏதோ வேடிக்கை காட்டுகிற மாதிரிதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் தம்பியின் தட்டை, பாதிச் சாப்பாட்டோடு, எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் ஆபீஸ் திறப்பதற்கு முன்னாலேயே சங்கு வாசலில் நின்றான். தைரியம் வந்து போனான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வீட்டில் இனி ஒரு வேளைகூடக் கை நனைக்க முடியாது என்று தெரிந்தபிறகு வேறு போக்கிடம் இல்லாமல் போனான். எழுதிக் கொடு என்றார்கள். எழுதினான். குண்டு, இரும்பு, கழிக்காமல் விட்டது, பத்து எண்ணுகிற நேரம், ஆற்றில் போட்ட கயிறு, பச்சைத் துணி மேஜைக்கு முன்னால் சொன்ன பொய். குமாஸ்தா படித்துவிட்டு மேலும் கீழும் பார்த்தார். இவ்வளவு நாள் என்ன பண்ணினாய் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சாப்பிட்டேன் என்று சொல்ல முடியுமா?

அன்றைக்கே சீட்டுக் கிழிந்தது. ஆற்றில் ஓடுகிற எந்த ஸ்டீமரிலும் இனி அவனுக்கு வேலை கிடையாது என்று எல்லாத் துறையிலும் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். துறைக்குப் பக்கத்திலேயே ஒரு விறகுக் கிடங்கில் அடுக்குகிற வேலை கிடைத்தது. அங்கே யாரும் அவனைச் சங்கு என்று கூப்பிடவில்லை. அவன் வாயைத் திறந்தால்தானே?

அத்தானுக்குப் பரீட்சையே வைக்கவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்து, கம்பெனியின் புது ஸ்டீமரையே ஒப்படைத்தார்கள். முதல் பயணத்தன்று காலை, வெள்ளை பூசின சக்கரக் கூண்டும், பளபளக்கிற மணியுமாக அது துறையில் நின்றது. சங்கு விறகுக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தான். அத்தான் தேய்த்த கோட்டுப் போட்டுக்கொண்டு, நிமிர்ந்த நடையோடு பலகையேறினார். கூட்டத்தில் வருகிற இரண்டு வண்டிகளுக்கு நடுவே தயங்காமல் புகுந்துதான் வந்தார்.

நேரே மேல்தட்டுக்குப் போவார் என்று நினைத்தான். போகவில்லை. முன்நுனிக்கு வந்து, புதிதாக ஆழம் பார்க்கச் சேர்ந்திருந்த ஆளிடம் கையை நீட்டிக் கயிற்றைக் கேட்டார். அந்த ஆள் நரைத்த மீசைக்காரன், வேறு ஸ்டீமரில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன். ஒன்றும் புரியாமல் கொடுத்தான். அத்தான் கோட்டோடு தட்டில் மண்டியிட்டார். குண்டிலிருந்து கயிற்றை நீட்டிப் போட்டு, பையிலிருந்து ஒரு தச்சு அடிக்கோலை எடுத்து அளக்க ஆரம்பித்தார். அரை அடி, தோல் வார். ஒரு அடி, சிவப்பு. ஒரு சுக்கானி அடுத்தவன் கயிற்றை அளந்து அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை. மீசைக்காரனுக்கு முகம் கன்றிப்போயிற்று. பயணிகளில் ஒருவர் ஏதோ கேலி பேசினார். நேரமாகிறது என்று கேப்டன் மேலிருந்து கத்தினார். இவர் நிமிரவில்லை.

பாதிக் கயிறு அளந்தபோது எதற்கோ தலையைத் தூக்கினவர், கரையில் மச்சினனைப் பார்த்துவிட்டார். எப்போதும் போலச் சிரித்துக் கையை ஆட்டினார். சங்குவும் கையைத் தூக்கினான். அவர் குனிந்து, அடுத்த அடையாளத்துக்கு அடிக்கோலை வைத்தார்.